நீல் டெய்லர்: ஒரு கோலும் ஒரு டாக்கிளும் தவிர வேறொன்றும் இல்லையா?

பாளை லெஃப்ட்பேக் எழுதியது:

நம்ம வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தர், 2016 யூரோ கோப்பையில் ரஷ்யாவுக்கு எதிராக வேல்ஸ் கால்பந்து ஆட்டக்காரர் நீல் டெய்லர் போட்ட கோல் வீடியோவை "நம்ம ரத்தம்டா" என்று தலைப்பு வைத்துப் போட்டார். கீழே வரிசையாக ஹார்ட்டு. கொஞ்ச நேரத்தில் இன்னொருத்தர் "அயர்லாந்து கேப்டன் சீமஸ் கோல்மன் காலை உடைச்சவன்தானே இவன்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது, ஆளாளுக்குக் குட்நைட் சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்கள். பதினைந்து வருஷம் லெஃப்ட் பேக், அதாவது இடது ஓரத் தடுப்பாட்டம், ஆடிய ஒருத்தனைப் பற்றிப் பேச இவ்வளவுதான் இருக்கிறதா? நானும் காலேஜ் டீமில் அதே இடத்தில் ஆடியவன். அந்தக் கடுப்பில்தான் இந்த இழையைத் திறக்கிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1989-ல் வடக்கு வேல்ஸில் செயின்ட் அசாஃப் என்கிற ஊரில் பிறந்தவர். அப்பா அந்த ஊர்ப் பக்கம், அம்மா கல்கத்தாவைச் சேர்ந்த வங்காளி. சின்ன வயதில் மான்செஸ்டர் சிட்டி அகாடமியில் இருந்தார், அங்கே வேண்டாம் என்று விட்டதும் ரெக்ஸ்ஹாமுக்குப் போனார். இன்றைக்கு ஹாலிவுட் நடிகர்கள் வாங்கி உலகமெல்லாம் பேர் தெரிகிற ரெக்ஸ்ஹாம் இல்லை, 2008-ல் லீக்கை விட்டே கீழே விழுந்த ரெக்ஸ்ஹாம். அங்கிருந்து 2010-ல் வேல்ஸின் இன்னொரு கிளப்பான ஸ்வான்சி. ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் பவுண்டு விலை, அதுவும் இரண்டு கிளப்பும் ஒத்துவராமல் தீர்ப்பாயம் போட்ட விலை. அடுத்த வருஷமே பிரீமியர் லீக். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கிரேட் பிரிட்டன் அணிக்கு லெஃப்ட் பேக். 2016 யூரோவில் வேல்ஸ் செமிஃபைனல் வரைக்கும் போனபோது ஆறு மேட்சிலும் இடது பக்கம் அவர்தான். 2017-ல் ஆஸ்டன் வில்லா, கடைசியாக மிடில்ஸ்பரோ, 2022-ல் ஓய்வு. வேல்ஸுக்கு 43 மேட்ச்.

இதில் எந்த இடத்தைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம். அந்த இரண்டு கிளிப்பை மட்டும் திரும்பத் திரும்பப் போடாதீர்கள்.

நாங்குநேரி நம்பர் 9 எழுதியது:

லெஃப்ட் பேக்குக்கு எவன் கட்அவுட் வைப்பான்? கோல் அடித்தால்தான் பேர், அது உலக நியதி. உங்க ஆள் அந்த ரஷ்யா கோலுக்கு முன்னாடி எப்போ கோல் அடிச்சார் என்று பார்த்தேன். 2010-ல், ரெக்ஸ்ஹாமுக்கு. ஆறு வருஷம்! நடுவில் பிறந்த பிள்ளை பள்ளிக்கூடமே சேர்ந்திருக்கும். அதுவும் அந்தக் கோல், முதல் ஷாட்டு ரஷ்யக் கோலி அகின்ஃபீவ் மேல் பட்டுத் திரும்பி அவர் காலுக்கே வந்தது. நாங்கள் எல்லாம் அதை முதல் அடியிலேயே உள்ளே தள்ளியிருப்போம்.

அப்புறம் ஒரு பிளேஆஃப் மேட்சில் ஒரு நிமிஷம் ஆவதற்குள் ரெட் கார்டு வாங்கியவர்தானே? அதையும் சேர்த்து எழுதுங்க அண்ணாச்சி.

பாளை லெஃப்ட்பேக் எழுதியது:

எழுதத்தான் போகிறேன், அவர் கதையில் எனக்குப் பிடித்த இடமே அதுதான்.

2011 மே, நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கிரவுண்டில், பிரீமியர் லீக்குக்கு ஏறுவதற்கான பிளேஆஃப் செமிஃபைனல் முதல் ஆட்டம். மேட்ச் தொடங்கி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, டெய்லர் காலை உயரத் தூக்கிக்கொண்டு ஒரு பந்துக்குப் போகிறார், எதிராளி மேல் படுகிறது, ரெஃபரி நேராகச் சிவப்பை எடுத்துவிட்டார். மீதி ஆட்டம் முழுக்க ஸ்வான்சிக்குப் பத்துப் பேர். அந்தப் பத்துப் பேரும் தாக்குப் பிடித்து 0-0 என்று முடித்தார்கள். ஊருக்குத் திரும்பி வந்து 3-1. அப்புறம் வெம்பிளியில் ரெடிங்கை 4-2 என்று ஜெயித்து, வேல்ஸ் நாட்டிலிருந்து பிரீமியர் லீக் போன முதல் கிளப் ஆனது ஸ்வான்சி. அந்த ஃபைனலில் டெய்லர் இல்லை, சஸ்பென்ஷன்.

சரி, அடுத்த வருஷம். ஒலிம்பிக் முடிந்து நல்ல ஃபார்மில் இருக்கிறார். 2012 செப்டம்பர் 1, சண்டர்லேண்டுக்கு எதிராகச் சொந்த கிரவுண்டில் கணுக்கால் உடைந்து மூட்டும் விலகிவிட்டது. அந்த சீசன் 2013 பிப்ரவரியில் ஸ்வான்சி வெம்பிளியில் பிராட்ஃபோர்டை 5-0 அடித்து லீக் கப்பை எடுக்கிறது. கிளப் வரலாற்றில் அதுபோல ஒரு நாள் வந்ததில்லை. லெஃப்ட் பேக் இடத்தில் பென் டேவிஸ் என்கிற சின்னப் பையன். டெய்லர் காயத்தோடு வெளியே.

ஆக, கிளப்பின் இரண்டு பெரிய நாளிலும் அவர் களத்தில் இல்லை. பிரீமியர் லீக் வரை அந்த அணியைக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் அவருக்கும் பங்கு உண்டு. இதற்கு எந்த கிளிப்பைப் போடுவீர்கள்?

தச்சநல்லூர் கோலி எழுதியது:

வெம்பிளி அவருக்குக் கிடைக்கவே இல்லை என்கிற மாதிரி எழுதுகிறீர்கள். 2019 மே மாதம் வில்லா டெர்பியை 2-1 அடித்துப் பிரீமியர் லீக்குக்குத் திரும்பிய பிளேஆஃப் ஃபைனலில் முதல் பதினொன்றில் லெஃப்ட் பேக் டெய்லர்தான். பக்கத்தில் மிங்ஸ், முன்னாடி கிரீலிஷ், மெக்கின். அப்போது அவருக்கு 30 வயது.

பாளை லெஃப்ட்பேக் எழுதியது:

ஆமா கோலி, அதை நான் கடைசிக்கு வைத்திருந்தேன், நீர் முந்திவிட்டீர்.

நாங்குநேரி நம்பர் 9 எழுதியது:

கணுக்கால் உடைந்த வலி தெரிந்த மனுஷன்தானே, அப்புறம் எப்படி 2017-ல் டப்ளினில் அயர்லாந்து மேட்சில் கோல்மன் காலை அப்படிச் செய்தார்? அதற்கு என்ன சொல்கிறீர்கள்? பரிதாபம் மட்டும்தான் வருது உங்க எழுத்தில்.

அம்பை அண்ணாச்சி எழுதியது:

தம்பி நாங்குநேரி, நான் முப்பது வருஷத்துக்கு மேல் பிடி வாத்தியாராக இருந்தவன், எனக்கு இதில் கொஞ்சம் சொல்ல இருக்கிறது. அது ரெட் கார்டு. அதில் மறுபேச்சே கிடையாது. கோல்மன் பந்தை முன்னால் தட்டிவிட்டு ஓடுகிறார், டெய்லர் ஓடிவந்த வேகத்திலேயே காலை நீட்டுகிறார், பந்து அங்கே இல்லை. உள்ளங்கால் போய் வலது முழங்காலுக்குக் கீழே இறங்குகிறது. இரண்டு எலும்பும் போச்சு. பந்துக்கும் அவருக்கும் இருந்த தூரத்தைப் பார்த்தாலே தெரியும், அந்தப் பந்தை விட்டிருக்க வேண்டும். தாமதமாகப் போகிறோம் என்று உடம்புக்குத் தெரிந்த பிறகும் போனார். காலை உடைக்கணும் என்று போனார் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் அந்த வலியைப் பட்டவர் என்பது அவருக்குச் சாதகம் என்றும் ஒத்துக்கொள்ள மாட்டேன். பட்டவன் கூடுதலாக யோசித்திருக்க வேண்டும்.

இன்னொன்று. பாளையங்கோட்டை சரள் கிரவுண்டில் ஆடிப் பழகியவன் எவனும் ஸ்லைடிங் போட மாட்டான், கவனித்திருக்கிறீர்களா? ஒரு தடவை போட்டால் முழங்கால் தோல் முழுக்கப் போய்விடும், டெட்டாலை ஊற்றும்போது பேசாத ஊமையும் பாட்டு பாடுவான். அதனால் நம்ம பையன்கள் நின்று தடுக்கத்தான் கற்றுக்கொள்கிறார்கள். விங்கர் பந்தோடு வருகிறானா, ஒரு கை தூரம் விட்டுப் பக்கவாட்டில் திரும்பி நில், உள்பக்கம் வழியை அடை, கோட்டுப் பக்கம் ஓடவிடு, அவன் தலையைக் குனிந்து பந்தைப் பார்க்கிற அந்த அரை நொடியில் காலை விடு. அவ்வளவுதான் வித்தை. வேல்ஸ், இங்கிலாந்துப் பக்கம் மழையில் நனைந்த புல்லில் சறுக்கிக்கொண்டு போவது சுலபம், சின்ன வயதிலிருந்தே அது பழக்கமாகிவிடும், கூட்டமும் அதற்குத்தான் கை தட்டும். டெய்லர் நல்லா ஆடின மேட்சுகளை எடுத்துப் பாருங்கள், அவரும் நின்று தடுக்கிறவர்தான். அவர் மாட்டிக்கொண்ட இரண்டு ரெட் கார்டும், ஃபாரஸ்டிலும் சரி டப்ளினிலும் சரி, நிற்காமல் பாய்ந்ததால் வந்தவை.

தச்சநல்லூர் கோலி எழுதியது:

அண்ணாச்சி சொன்னால் சரியாகத்தான் இருக்கும். கோல்மன் 2018 ஜனவரியில்தான் தன் கிளப் எவர்டனுக்குத் திரும்பி வந்தார். பத்து மாசம். அந்த மேட்ச் 0-0.

ஏர்வாடிக்காரன், ஷார்ஜா எழுதியது:

சலாம் மக்களே. யூரோ ரஷ்யா மேட்ச் நம்ம ஊர் நேரத்துக்கு ராத்திரி பன்னிரண்டரைக்கு. இங்கே பதினொன்று. ரூமில் நாலு பேர் பார்த்தோம், அதில் இரண்டு பேர் பங்களாதேஷ்காரர்கள். டெய்லர் அம்மா வங்காளி என்று கமெண்டேட்டர் சொன்னாரோ இல்லை இவர்களே போனில் தேடினார்களோ, இருபதாவது நிமிஷம் அந்தக் கோல் விழுந்ததும் இரண்டு பேரும் கட்டில் மேல் ஏறி நின்று கத்தினார்கள். "வங்காளி, வங்காளி" என்று. நான் "அது எங்க கல்கத்தா" என்றேன். அன்றைக்கு ராத்திரி முழுக்க அந்தச் சண்டை ஓடியது. வேல்ஸ் 3-0 ஜெயித்து குரூப்பில் இங்கிலாந்துக்கு மேலே முதலிடம் வந்ததை எவனும் கண்டுகொள்ளவில்லை.

ஆனால் இப்போது சிரிப்பது அவர்கள்தான். ஹம்சா சௌத்ரி அம்மா பங்களாதேஷ், அப்பா கிரெனடா. லெஸ்டரில் எஃப்.ஏ. கப் எடுத்தவர், நடுவிலும் ஆடுவார், ரைட் பேக்கும் ஆடுவார். அவருக்கு பாஸ்போர்ட் வாங்கிக் கொடுத்து, ஃபிஃபா அனுமதி வாங்கி, 2025 மார்ச்சில் ஷில்லாங்கில் நமக்கு எதிராகவே இறக்கிவிட்டார்கள். 0-0. அப்புறம் நவம்பரில் டாக்காவில் 1-0 என்று நம்மை ஜெயித்தே விட்டார்கள். ரூமில் என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். இலங்கைக்கும் அப்படித்தான், பிரிஸ்பேன் ரோரில் ரைட் பேக் ஆடிய ஜாக் ஹிங்கர்ட் இப்போது அவர்களுக்கு ஆடுகிறார். பாகிஸ்தானுக்கு ஈசா சுலைமான், இங்கிலாந்து அண்டர்-19 அணியில் யூரோ ஜெயித்த சென்டர் பேக் (நடுத் தடுப்பாட்டக்காரர்). நமக்கு மட்டும் ஏன் ஒருத்தரும் இல்லை? டெய்லரைக் கேட்டிருந்தால் வந்திருப்பாரா?

உவரிக் கடல்காத்து எழுதியது:

இதைக் கேட்டதும் எங்க பக்கத்து விஷயம் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கடற்கரை ஊர்களில் கோயில் திருவிழாவுக்கு கால்பந்து டோர்னமென்ட் நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சில ஊரில் வெளியாள் இறக்கக் கூடாது, ஊர்க்காரன் மட்டும்தான் என்று கட்டுப்பாடு வைப்பார்கள். ஒரு ஊரில் (பேர் வேண்டாம், இப்பவும் அங்கே சம்பந்தம் பண்ணிக்கிட்டு இருக்கோம்) ஒரு பையன், இடது கால் ஆட்டக்காரன், அம்மா அந்த ஊர், அப்பா வேற ஊர். லீவுக்கு லீவு தாத்தா வீட்டில் கிடந்து அந்த மணலில்தான் பந்து பழகினான். டீமில் பேர் கொடுத்தால் எதிர் அணி மைக்கைப் பிடித்துவிட்டது. தலைக்கட்டு வரி யார் பேரில்? அப்பன் பேரில் வேற ஊரில் கட்டுறான், அப்போ இவன் இந்த ஊர்க்காரன் இல்லை. அவன் தாய்மாமன் எழுந்து கத்துகிறார், "எங்க வீட்டுச் சோறு தின்னு வளர்ந்தவன்வே, பிறந்த பிறகு முதல் துணி எடுத்துக் கொடுத்தது நான், நீ யாருவே சொல்ல?" ரெஃபரி விசிலை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறார், கிழவிகள் எல்லாம் பந்தலுக்கு வந்துவிட்டார்கள். கமிட்டி கடைசியில் அப்பன் ஊர்தான் கணக்கு என்று சொல்லிவிட்டது. பையன் பூட்ஸைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு பரோட்டா கடைக்குப் போனான்.

டெய்லர் விஷயத்திலும் இந்திய சர்க்கார் ஏதாவது தலைக்கட்டு வரி கேட்குமா? வக்கீல் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

கோர்ட்டு வாசல் எழுதியது:

கடல்காத்து விளையாட்டாகக் கேட்டிருக்கிறார், ஆனால் குடியுரிமைச் சட்டம் ஏறக்குறைய அந்தக் கமிட்டி சொன்னதைத்தான் சொன்னது.

1955 குடியுரிமைச் சட்டம், பிரிவு 4. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு வம்சாவளியில் இந்தியக் குடியுரிமை எப்படி வரும் என்று சொல்கிற பிரிவு. 1950 ஜனவரி 26-லிருந்து 1992 டிசம்பர் 10-க்கு முன்பு வரை பிறந்தவர் என்றால், பிறக்கும்போது அப்பா இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். அம்மா இருந்தால் போதாது. 1992-ல்தான் திருத்தம் கொண்டுவந்து, அப்பா அம்மா இருவரில் ஒருவர் போதும் என்று மாற்றினார்கள். டெய்லர் பிறந்தது 1989. அவருடைய அம்மா அன்றைக்கு இந்திய பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருந்திருந்தால்கூட அந்த வழியில் பிள்ளைக்கு ஒன்றும் வந்திருக்காது. நாலு வருஷம் கழித்துப் பிறந்திருந்தால் சட்டக் கணக்கு வேறு.

சரி, பிறகு வாங்கலாமே என்றால், நமக்கு இரட்டைக் குடியுரிமை கிடையாது. வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குக் கொடுக்கிற ஓசிஐ அட்டை என்பது பேரில்தான் குடியுரிமை, ஓட்டும் இல்லை, அந்த அட்டையோடு இந்திய அணிக்கு ஆடவும் முடியாது; இந்தியக் குடிமக்கள் மட்டும்தான் நாட்டுக்காக ஆடலாம் என்று விளையாட்டு அமைச்சகம் 2008-லேயே முடிவு செய்துவிட்டது. ஓசிஐ அட்டை வாங்கி ஐந்து வருஷம் ஆகி, அதில் விண்ணப்பத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாசம் இங்கே குடியிருந்து, அப்புறம் சொந்த நாட்டு பாஸ்போர்ட்டை விட்டுக்கொடுத்தால்தான் இந்தியர் ஆகலாம். பிரீமியர் லீக்கில் வாராவாரம் ஆடுகிறவன் எப்படி வருஷம் பூரா இங்கே வந்து உட்காருவான்? அதனால்தான் இந்த வழியில் வந்தவர்கள் எல்லாம் முதலிலேயே இந்தியாவில் கிளப்புக்கு ஆடிக்கொண்டிருந்தவர்கள். அரட்டா இசுமி, அம்மா ஜப்பான், அப்பா குஜராத்தி, ஜப்பான் பாஸ்போர்ட்டை விட்டுவிட்டு 2013-ல் இந்தியாவுக்கு ஆடினார். இப்போது பெங்களூரு எஃப்.சி.யில் ரையன் வில்லியம்ஸ் ஆஸ்திரேலிய பாஸ்போர்ட்டை விட்டிருக்கிறார். ஏர்வாடிக்காரர் சொன்ன மற்ற மூன்று நாடும் இரட்டைக் குடியுரிமைக்கு ஏதோ ஒரு வகையில் வழி வைத்திருக்கின்றன, அதனால் அவர்களுக்குச் சுலபம்.

ஏர்வாடிக்காரன், ஷார்ஜா எழுதியது:

அப்போ ஆறு வருஷம் முன்னாடி நான் ரூமில் போட்ட சண்டை எல்லாம் வீண்தானா வக்கீல் சார்!

தச்சநல்லூர் கோலி எழுதியது:

2016 என்றால் ஆறு வருஷமா? ஷார்ஜா வெயில் அண்ணனைப் படுத்துது.

பாளை லெஃப்ட்பேக் எழுதியது:

வக்கீல் சொன்னது எனக்குப் புதுசு, நன்றி. ஆனால் எனக்கு ஒரு மனத்தாங்கல் இருக்கிறது. டெய்லரை இந்தியா இழந்துவிட்டது என்று புலம்புகிற கட்டுரைகளைப் படித்திருக்கிறேன். அவரை யாரும் இழக்கவில்லை. அவர் வேல்ஸில் பிறந்தார், வேல்ஸில் படித்தார், 2010-ல் இருபத்தொரு வயதில் வேல்ஸுக்கு ஆடினார். கேரி ஸ்பீட் மேனேஜராக இருந்தபோது ஆடினார், ஸ்பீட் இறந்த பிறகு அந்த அணி சிதறிப்போய்த் திரும்பக் கட்டப்பட்டபோதும் உள்ளே இருந்தார், 1958-க்குப் பிறகு முதல் தடவையாக வேல்ஸ் ஒரு பெரிய போட்டிக்குத் தகுதி பெற்றபோதும் இருந்தார். அது அவருடைய நாடு. நமக்கு வேண்டும் என்றால் கோல் போட்ட ராத்திரி "நம்ம ரத்தம்", டப்ளின் ராத்திரி "அந்த வேல்ஸ்காரன்". அந்தத் தாய்மாமனாவது பையன் தோற்றாலும் ஜெயித்தாலும் சோறு போட்டிருப்பார்.

இன்னொன்றும் யாரும் பேசுவதில்லை. காயத்திலிருந்து டெய்லர் திரும்பி வரும்போது அவர் இடத்தில் பென் டேவிஸ் நிலையாக நின்றுவிட்டார், நல்லாவும் ஆடினார். 2014-ல் டேவிஸ் டாட்டன்ஹாம் போன பிறகுதான் இவருக்கு இடம் திரும்பக் கிடைத்தது. வேறு இடத்தில் இது பகையாக முடிந்திருக்கும். வேல்ஸ் மேனேஜர் கிறிஸ் கோல்மன் (சீமஸ் இல்லை, இவர் வேறு ஆள்) என்ன செய்தார் என்றால், மூன்று சென்டர் பேக் வைத்து, டேவிஸை உள்ளே இடது பக்க ஸ்டாப்பராக்கி, டெய்லரைக் கோட்டோரம் விங் பேக்காக விட்டார். ஒரே இடத்துக்குப் போட்டி போட்ட இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று 2016 யூரோ கால் இறுதியில் பெல்ஜியத்தை 3-1 என்று அனுப்பினார்கள். போர்ச்சுகல் செமிஃபைனலில் டேவிஸும் ராம்சியும் சஸ்பென்ஷன், 2-0 தோல்வி. டேவிஸ் இல்லாத இடது பக்கத்தில் டெய்லர் எப்படித் திண்டாடினார் என்று பார்த்தால்தான் அந்தக் கூட்டு எவ்வளவு உதவியது என்று புரியும். நாங்குநேரிக்கு நான் சிபாரிசு செய்வது பெல்ஜியம் மேட்ச் முழுசு. ஹைலைட்ஸ் வேண்டாம், அதில் அவர் இருக்கவே மாட்டார்.

நாங்குநேரி நம்பர் 9 எழுதியது:

ஹைலைட்ஸில் இல்லாதவனைப் பார்க்க ஒன்றரை மணி நேரம் உட்காரணுமா? சரி, ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன். ஆனால் பந்து இல்லாதபோது அவரை மட்டும் கவனிப்பது எப்படி? கேமரா வேற பக்கம் போய்விடுமே.

அம்பை அண்ணாச்சி எழுதியது:

டிவியில் முழுசாகத் தெரியாது தம்பி. ஆனால் பெல்ஜியம் வலது பக்கம் பந்து போகிற ஒவ்வொரு தடவையும் நிறுத்தி, டெய்லர் எங்கே நிற்கிறார், அவருக்கும் டேவிஸுக்கும் நடுவில் எத்தனை அடி இடைவெளி என்று மட்டும் பார். இடைவெளி பெரிசாகும்போது யார் உள்ளே வருகிறார்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொள். என் பசங்களுக்கு நான் கொடுத்த வீட்டுப்பாடமே அதுதான், பாதிப் பேர் கார்ட்டூன் படம் வரைந்து கொண்டுவருவார்கள்.

உவரிக் கடல்காத்து எழுதியது:

கேட்க மறந்தே போச்சு. டானி பாத் என்று ஒரு சென்டர் பேக், வுல்வ்ஸ் கேப்டனாக இருந்தவர், அவரும் இந்திய அப்பா, இங்கிலீஷ் அம்மா. வக்கீல் சார், அவர் அப்பா வழி இந்தியர், பிறந்தது 1990. அப்போ அந்த 1992 கணக்கில் அவருக்கு ஏதாவது வழி இருந்ததா?

கோர்ட்டு வாசல் எழுதியது:

அவர் பிறந்த அன்றைக்கு அப்பா எந்த நாட்டுக் குடிமகன் என்பதைப் பொறுத்தது, வெறும் வம்சாவளி போதாது. இதற்குத் தனி இழை திறங்கள், கோர்ட்டு முடிந்து சாயங்காலம் வந்து எழுதுகிறேன்.